செவ்வியல் நாடகத்தைச் சுருக்க வேண்டாம், வெட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறார் நாடகம் பற்றிய செய்தியோடு வரும் படம் பெரும்பாலும் ஒன்றேதான். நடுவில் ஜரிகை அங்கியும் ஒட்டுமீசையுமாக ஒரு பிள்ளை. அதன் வாய்க்கு நேரே ஒலிவாங்கி. பின்னால் மரமாகவும் மலையாகவும் சேவகனாகவும் முப்பது பிள்ளைகள். கீழே, 'ஷேக்ஸ்பியரை அரங்கேற்றிய மழலைகள்' என்று ஒரு வரி. அந்த முப்பது பேரில் ஒருவரிடம் போய், இந்தக் காட்சியில் அரசனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் விழிப்பார்கள். நடுவில் நிற்கும் பிள்ளைக்கும் வசனம்தான் தெரியும், விஷயம் தெரியாது. குறை பிள்ளைகளிடம் இல்லை, சொல்லிக்கொடுக்கும் வழியில் இருக்கிறது. சிறார் அரங்கில் பயிற்சி தருகிறவர்கள் என்ற முறையில் அந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கோளாறு பிரதியிலேயே தொடங்கிவிடுகிறது. ஐந்து அங்க நாடகத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும் என்றதும், கதைச் சுருக்கம் ஒன்றை எடுத்து, கதைசொல்லி ஒருவரைப் பேசவிட்டு, மற்றவர்களை வாயசைக்க வைக்கிறோம். ஷேக்ஸ்பியரின் 20 நாடகங்களைச் சிறுவர்களுக்காக உரைநடைக் கதைகளாக்கி சார்லஸ் லாம்பும் அவர் சகோதரி மேரியும் 1807இல் வெளியிட்டார்கள். படிப்பதற்கு அது நல்ல புத்தகம்தான். ஆனால் அந்த வகைச் சுருக்கத்தையே மேடைப் பிரதியாக்கினால் மிஞ்சுவது கதை மட்டுமே. ஷேக்ஸ்பியரின் கதைகளில் பெரும்பாலானவை அவருடையவை அல்ல. மேக்பெத்தின் கதையை ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்து எடுத்தார். அவர் கடன் வாங்கியதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவருடைய சொந்தச் சரக்கான பேச்சைக் குப்பையில் போடுகிறோம். இதற்கு அவர் பெயர் எதற்கு?

ஆகவே எங்கள் யோசனை இது. முழு நாடகத்தையும் சுருக்க வேண்டாம். ஒரே ஒரு காட்சியை எடுங்கள், அதில் வேண்டாத வரிகளை வெட்டுங்கள். நிற்கிற வரிகளை மட்டும் எளிமைப்படுத்தாமல் அப்படியே பேசவையுங்கள். முன்கதையை ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

'பிள்ளைகளுக்கு அந்த மொழி கனம்' என்பார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. ஜூலியட்டையும் மேக்பெத்தின் மனைவியையும் முதலில் பேசியது பையன்களின் குரல். கதைப்படி ஜூலியட்டுக்கே இன்னும் 14 நிறையவில்லை. சிறுவர்களே நடித்த நாடகக் குழுக்கள் அன்று லண்டனில் பெரியவர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டன. அந்தப் புலம்பல் ஹேம்லெட்டுக்குள்ளேயே வருகிறது. கனமான சொல்லைப் பிள்ளைகள் தூக்குவார்கள். எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரியாத சொல்தான் அவர்களுக்குப் பாரம்.

எந்தக் காட்சியை எடுப்பது? நாங்கள் பார்ப்பது நான்கு. காட்சியில் ஒருவர் மற்றவரிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெற முயல வேண்டும். அந்த முயற்சி உடம்பால் செய்து காட்டக் கூடியதாக இருக்க வேண்டும். கூட்டமாகப் பேச இடம் வேண்டும். முன்கதை ஐந்து வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும். இந்தச் சல்லடையில் புகழ்பெற்ற காட்சிகள் பல நிற்காது. ஹேம்லெட்டின் தனிமொழி நிற்காது, மாடத்துக் காதல் காட்சி நிற்காது. அவற்றைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது பெரியவர்கள் கைதட்டுவதற்காகத்தான்.

நிற்கிற காட்சிகள் வேறு. சூத்திரகரின் மிருச்சகடிகம் பத்து அங்க வடமொழி நாடகம், முழுவதும் சிறுவர்களுக்கானது அல்ல. ஆனால் மூன்றாம் அங்கத்துக் களவுக் காட்சியை விட்டால் பிள்ளைகளுக்கு வேறு எது? திருடன் சார்விலகன் சுவரில் துளை போட வருகிறான். களவு அவனுக்குக் கலை. தாமரை, சூரியன், பிறை, குளம், சுவஸ்திகம், பூரணகும்பம் என்று துளையின் வடிவங்களை அடுக்கி, செங்கல் சுவருக்குப் பூரணகும்பமே பொருத்தம் என்று தேர்ந்தெடுக்கிறான். அளவுநூலை மறந்துவிட்டதால் பூணூலால் அளக்கிறான். விரலில் பாம்பு கடிக்க, அதே பூணூலால் கட்டுப்போடுகிறான். உள்ளே போகுமுன் பொம்மை ஆளை நுழைத்துப் பார்க்கிறான். கதவு கிறீச்சிடாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறான். கடைசியில் தூக்கத்தில் உளறும் விதூஷகன், அதாவது நாயகனின் கோமாளித் தோழன், நகைப்பெட்டியைத் தானே எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுகிறான். ஒரு வரிக்கு ஒரு செயல் என்று வரிசையாக வருவதால் உருப்போட வேண்டிய தேவையே இல்லை. கை செய்வதை வாய் சொல்லும். ஒரு வடிவத்துக்கு ஐந்து பிள்ளைகள் வீதம் ஆறு வடிவத்துக்கு முப்பது பேர் சுவராக நிற்கலாம். திருடன் ஒவ்வொரு வடிவத்தின் பெயரைச் சொல்லும்போதும் அந்த ஐவர் உடம்பால் அந்தத் துளையைக் காட்ட வேண்டும். மரமாக நிற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே சுவர் வசனத்தைக் கேட்டாக வேண்டும் என்பது.

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ஆன்டிகனி நாடகத்தில் காவலன் வரும் இடம் இன்னொன்று. முன்கதை: சண்டையில் அண்ணன் தம்பி இருவரும் செத்தார்கள். ஒருவனை அடக்கம் செய்யலாம், மற்றவனைத் தொட்டால் மரண தண்டனை என்கிறான் அரசன் கிரியோன். தங்கை ஆன்டிகனி மண் தூவிவிடுகிறாள். யார் செய்தது என்று தெரியாத காவலர்கள் சீட்டுப் போட்டு, சேதி சொல்ல ஒருவனை அனுப்புகிறார்கள். அவன் மேடைக்கு வந்ததும், 'ஓடி வந்தேன், மூச்சு வாங்குகிறது என்று சொல்லமாட்டேன்; நடந்தேன், நின்றேன், திரும்பினேன்' என்கிற தொனியில் ஆரம்பிக்கிறான். போனால் உதை, போகாவிட்டால் அதைவிட உதை.

இந்த நுழைவை இப்படிச் செய்யலாம். தரையில் பத்தடி நீளத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு. ஒரு முனையில் காவலன், மறு முனையில் அரசன், முதுகு காட்டி. காவலன் ஒவ்வொரு நிறுத்தற்குறிக்கும் நின்று திரும்ப வேண்டும். கால்புள்ளிக்குத் தலையை மட்டும் திருப்பினால் போதும். முற்றுப்புள்ளிக்கு உடம்பையே திருப்பி எதிர்த்திசையில் நடக்க வேண்டும். எட்டு வரிப் பேச்சு முடியும்போது பிள்ளை கோட்டில் பாதி தூரம்கூடப் போயிருக்காது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பேச்சு ஏன் அப்படி உடைந்து உடைந்து எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கால் புரிந்துகொண்டுவிடும். பிறகு அரசன் பேச்சுக்கும் அதே விதி. அவன் வாக்கியங்கள் நீளம், குறிகள் குறைவு. அதனால் அரசன் நேராக வந்து காவலன் முகத்தில் முட்டுவான். அதிகாரம் உள்ளவன் வாக்கியத்துக்கும் இல்லாதவன் வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் எழுதி விளக்கினால் ஒரு பாடவேளை போகும், மனதில் நிற்காது. இது ஏழு நிமிடம். மொழிபெயர்ப்பில் குறிகள் தாறுமாறாக இருந்தால் பயிற்சி படுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிரதியைக் கொடுக்குமுன் ஆசிரியர் ஒருமுறை தானே நடந்து பார்த்துக் குறிகளைச் சரி செய்துகொள்வது நல்லது.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வடமொழி நாடகங்களில் அரசன் சமஸ்கிருதத்தில் பேசுவான், பெண்களும் விதூஷகனும் பிராகிருதத்தில் பேசுவார்கள். ஷேக்ஸ்பியரிடம் பிரபுக்கள் பெரும்பாலும் செய்யுளில் பேச, நெசவாளியும் தச்சனும் உரைநடையில் பேசுகிறார்கள். தமிழில் நமக்கு இதற்கான வசதி கையிலேயே இருக்கிறது. கிரியோனுக்குச் செந்தமிழ், காவலனுக்குப் பேச்சுத் தமிழ். ஆனால் தமிழ்ப் பிரதிகளில் எல்லோரையும் ஒரே மேடைத்தமிழில் பேசவைத்து, இந்த ஏற்றத்தாழ்வை நாமே தட்டையாக்கிவிடுகிறோம். காவலன் 'மன்னா, அடியேன் விரைந்து வரவில்லை' என்று சொல்லும்போது பாதி நாடகம் செத்துவிடுகிறது. 'நான் ஒண்ணும் ஓடியாரலைங்க' என்றால் உயிர் இருக்கும்.

செய்யுளுக்கும் வழி உண்டு. மேக்பெத்தின் சூனியக்காரிகள் பேசுவது அரசர்கள் பேசும் ஐந்து அசைச்சீர் அடியில் அல்ல, நான்கு தட்டுள்ள அடியில். நம் யாப்பில் அளவடிக்கும் நான்கு சீர்தான். 'இடியோ மின்னலோ கொட்டும் மழையோ, மூவரும் மறுபடி சேர்வது எப்போ' என்று பெயர்த்தால் நான்கு நான்காகக் காலைத் தட்டிக்கொண்டே பேசலாம். நாற்பது பேர் ஒரே தாளத்தில் காலைத் தட்டி, குரலை மட்டும் கிசுகிசுப்பாக வைத்துச் சொன்னால் ஒப்பனையே வேண்டாம். நாடகத்தின் முதல் காட்சியே பத்துப் பன்னிரண்டு வரிதான் என்பது கூடுதல் சௌகரியம். தமிழிலேயே செய்யுள் நாடகம் வேண்டுமென்றால் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் (1891) இருக்கிறது. அதிலும் இதே நியாயம்தான்: களம் (காட்சி) ஒன்றை எடுங்கள், முழு நாடகத்தைத் தொடாதீர்கள்.

இனி கணக்கு. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை பத்து என்று வைத்துக்கொள்வோம். கூட்டமாகவும் தனியாகவும் பேசும்போது பிள்ளைகள் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போகமாட்டார்கள். செயலுக்கும் மௌனத்துக்கும் அதே அளவு நேரம் பிடிக்கும். ஆகவே பன்னிரண்டு நிமிடக் காட்சிக்கு 60 முதல் 70 வரி போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஹேம்லெட் ஏறக்குறைய 4,000 வரி, மேக்பெத் அதில் பாதிக்குச் சற்று மேல். எதை வெட்டினாலும் நிறைய வெட்டத்தான் வேண்டியிருக்கும். வெட்டும்போது முதலில் போக வேண்டியவை மேடையில் இல்லாத ஆட்களைப் பற்றிய பேச்சு, புராண உவமைகள், ஒரே விஷயத்தை இரண்டாம் முறை சொல்லும் வரிகள். போகக் கூடாதவை கேள்விகள். கேள்வி இருந்தால்தான் மற்றவர் பேச வேண்டும்.

முதல் இரண்டு பாடவேளைகளில் பிரதி கிடையாது. ஒன்றிலிருந்து பத்துவரை எண் எழுதிய சீட்டுகளை ஆளுக்கொன்றாக நெற்றியில் ஒட்டி, தன் எண் தனக்குத் தெரியாமல், மற்றவர் எண்ணைப் பார்த்து மரியாதை கொடுத்தோ கொடுக்காமலோ நடக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் தங்கள் எண்ணை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அரசன் காவலன் உறவு அங்கேயே புரிந்துவிடும். மூன்றாம் வேளையில் காட்சியை ஐந்து அசையாச் சிலைகளாகச் செய்யட்டும், குழுவுக்கு எட்டுப் பேர், குழுவுக்கு ஒரு சிலை. நான்காவதில்தான் வரிகள் வரும். ஆளுக்கு ஒரு வரி எழுதிய சீட்டு, நடந்துகொண்டே எதிரில் வருகிறவரிடம் சொல்லிவிட்டுச் சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். கால்மணி நேரத்தில் வகுப்பு முழுவதற்கும் காட்சியின் பாதி வரிகள் வாயில் ஏறியிருக்கும். அவை யாருடைய வரிகள் என்று மட்டும் தெரியாது. அந்த ஆவல் இருக்கும்போதே காட்சியை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும்.

ஐந்திலும் ஆறிலும் வரிக்கு வரி ஒரே கேள்வி: இந்த வரியைச் சொல்லி எதிராளியை என்ன செய்யப் பார்க்கிறாய்? பதில் வினைச்சொல்லாக இருக்க வேண்டும். 'கோபமாக' என்பது செல்லாது. மிரட்டுகிறேன், கெஞ்சுகிறேன், மழுப்புகிறேன், சீண்டுகிறேன் என்பவை செல்லும். கோபமாகப் பேசு என்றால் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி கத்தும். அவனை வாயடைக்க வை என்றால் ஒவ்வொன்றும் ஒரு வழி கண்டுபிடிக்கும். ஆன்டிகனிக்குப் போனால், இரண்டு வரிசையாகப் பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவே அவளை நடக்கவிட்டு, ஒரு பக்கம் 'புதை' என்றும் மறு பக்கம் 'விடு' என்றும் பிரதியில் உள்ள காரணங்களையே காதில் சொல்லச் சொல்லலாம். கடைசியில் எந்தப் பக்கம் பலமாக இருந்தது என்று அவளைக் கேளுங்கள். அரசன் பக்கமும் நியாயம் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நாடகம் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

பாத்திரம் கொடுப்பது ஏழாம் வேளையில்தான், அதற்கு முன் கூடாது. முதல் நாளே கொடுத்தால் மீதி முப்பத்தைந்து பேர் அன்றே காது மூடிக்கொள்வார்கள். ஒரு பாத்திரத்தை நான்கைந்து பேர் பங்கிடலாம். அரசனின் கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் அரசன். பேச்சின் திருப்பத்தில் கோல் கைமாற வேண்டும். கிரேக்க அரங்கில் மூன்றே நடிகர்கள் முகமூடி மாற்றி எல்லாப் பாத்திரங்களையும் பேசினார்கள், சோஃபக்ளீஸின் கோரஸுக்கு, அதாவது ஒரே குரலாகப் பேசும் கூட்டத்துக்கு, 15 பேர் என்பது மரபு. ஆக இந்தப் பங்கீடு பள்ளிக்கூடத்து ஏற்பாடு மட்டுமல்ல, அரங்கிலேயே உள்ளதுதான். எட்டு முதல் பத்து வயதுவரை ஒரு பிள்ளைக்குத் தனியாக ஆறு வரிக்கு மேல் வேண்டாம். பதினொன்றுக்கு மேல் பன்னிரண்டு வரி தாங்கும்.

வசனத்தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழுப் பிரதியைக் கையில் கொடுத்தால் பிள்ளை தன் வரியை மட்டும் கோடிட்டுக்கொண்டு, மற்றவர் பேசும்போது மனதுக்குள் தன்னுடையதை உருட்டிக்கொண்டிருக்கும். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகனுக்கு முழுப் பிரதி கிடைத்ததில்லை. அவன் வரிகளும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் எதிராளி பேசும் கடைசி இரண்டு மூன்று சொற்களும் மட்டும் எழுதிய தாள் கிடைத்தது. அந்தச் சொற்கள்தான் கியூ. யார் சொல்வார், எப்போது சொல்வார் என்று தெரியாது, காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு அப்படியே செய்யலாம். கால் பக்க அகலத் துண்டுத்தாள், கியூ சிவப்பில், வசனம் கறுப்பில். ஒரே எச்சரிக்கை: கியூவாக வைக்கும் மூன்று சொல் அந்தக் காட்சியில் வேறெங்கும் வரக் கூடாது. வந்தால் பிள்ளை பாதியிலேயே குதித்துவிடும், அதன் பின் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். ஷேக்ஸ்பியரின் எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீமில் நாடகம் போடக் கிளம்பும் தொழிலாளிகளில் ஃப்ளூட், கியூவையும் வசனத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அதே நாடகத்தில் சுவருக்கும் நிலாவுக்கும் மேடையில் என்ன செய்வது என்று அந்த ஆறு பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஒருவன் சுவராக வந்து நிற்க, விரலிடுக்குதான் சுவரின் விரிசல். மேடை அமைப்புக்குச் செலவழிக்கத் துடிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் காட்சியை ஒருமுறை படிக்கலாம்.

பிறகு வழக்கமான விபத்துகள். முதலாவது ராகம். வரியின் கடைசிச் சொல்லை எல்லோரும் ஒரே மாதிரி இழுத்துத் தூக்குவது. கூட்டமாக உரக்க ஒப்பித்துப் பாடம் பண்ணியதன் தழும்பு அது. திருத்துகிறேன் என்று ஆசிரியர் தானே பேசிக் காட்டினால், பிள்ளைகள் ஆசிரியரின் ராகத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வரியைப் பந்து எறிந்துகொண்டே, மேசை துடைத்துக்கொண்டே, எதிராளியின் காதில் ரகசியமாக என்று மூன்று விதமாகச் சொல்லச் சொல்லுங்கள். ராகம் தானே உதிரும். சொல்லுக்குச் சொல் அபிநயமும் இதே வகை நோய். 'நான்' என்றால் மார்பு, 'வானம்' என்றால் விரல் மேலே. கைகளில் ஆளுக்கொரு பொருளைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஒலிவாங்கி அடுத்த வில்லன். நின்ற இடத்தில் ஒரு ஒலிவாங்கி வைத்தால் பிள்ளைகள் வரிசையாக வந்து அதனிடம்தான் பேசுவார்கள், ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள். பார்வையாளரை நூறு பேருக்குள் வைத்து, மூன்று பக்கமும் உட்காரவைத்து, கடைசி வரிசை எட்டு மீட்டருக்கு அப்பால் போகாமல் பார்த்துக்கொண்டால் ஒலிவாங்கியே வேண்டாம். பெரிய மண்டபம்தான் என்றால் தனிப்பேச்சுகளைக் கோரஸ் இரட்டித்துச் சொல்லட்டும்.

சாவுக் காட்சியில் சிரிப்பு வரும். அது அலட்சியம் அல்ல, தவிப்பு. அதட்டினால் கூடும். கிரேக்கர்கள் பெரும்பாலும் கொலையை மேடைக்கு வெளியே வைத்து, நடந்ததைச் சொல்லத் தூதன் ஒருவனை அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தூதன் பேசும்போது மற்றவர்கள் முதுகு காட்டி நின்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருவர் வீதம் தரையில் அமரட்டும். வாள்சண்டை இருந்தால் கையில் எதுவும் கொடுக்க வேண்டாம். இருவருக்கும் நடுவே இரண்டு கை நீளம் இடைவெளி, அசைவு கால் பங்கு வேகத்தில். அடிப்பவர் முதலில் கண்ணைப் பார்த்துச் சம்மதம் வாங்க வேண்டும். எதிர்வினையின் நேரத்தைத் தீர்மானிப்பவர் எப்போதும் அடி வாங்குகிறவரே. இந்த விதியைத் தலைகீழாக்கினால் அடி உண்மையாகவே விழும்.

முகமூடி கவர்ச்சியான யோசனை. பாதி முகமூடியாக மட்டும் இருக்கட்டும், மூக்கு நுனியோடு நிற்க வேண்டும். வாயை மூடினால் வார்த்தை உள்ளேயே சுற்றும். எட்டு வயதில் ஒரு கண்மணியிலிருந்து மறு கண்மணிக்கு 5 முதல் 5.5 செ.மீ. இருக்கும். பெரியவர் அளவுக்கு ஓட்டை போட்டால் பிள்ளை ஒரு கண்ணால்தான் பார்க்க முடியும். ஓட்டை 3 செ.மீ. அகலமாவது வேண்டும். காகிதக்கூழ் என்றால் நான்கைந்து அடுக்கு, ஓர் அடுக்கு காய்ந்த பின்தான் அடுத்தது. அவசரப்பட்டு ஈரத்தோடு வண்ணம் அடித்தால் வளைந்துவிடும், பூஞ்சை மணமும் வரும். முகமூடி போட்டுக்கொண்டு ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது, பத்து நிமிடத்துக்கு மேல் ஒத்திகை கூடாது. முகமூடி அணிந்த பிள்ளை பேசுகிறவரை நோக்கித் தலையை முழுவதும் திருப்பியாக வேண்டும், கண்ணை உருட்டினால் யாருக்கும் தெரியாது. அந்தத் திரும்பலே மேடைப் பயிற்சியில் பாதி.

இடிக்குத் தகரத்தகடு ஒன்று, ஒரு மீட்டருக்கு அரை மீட்டர், விளிம்பை மடித்துத் துணிநாடா ஒட்டி. மழைக்குக் கூழாங்கல் போட்ட டப்பா. கடலுக்கு ஐந்து மீட்டர் நீலத்துணியும் அதைப் பிடிக்க எட்டுப் பேரும். எல்லாச் சத்தமும் பிள்ளைகளே கண்ணெதிரே எழுப்ப வேண்டும். பதிவு செய்த இசையைப் போட்டால் பிள்ளைகள் இசை முடியும்வரை காத்திருப்பார்கள், காட்சி அதற்கு அடிமையாகிவிடும்.

எட்டாம், ஒன்பதாம் வேளைகளில் ஓட்டம், அதாவது காட்சியை முதலிலிருந்து கடைசிவரை நடத்திப் பார்ப்பது; பத்தாவதில் பார்வையாளருக்குக் காட்டுவது. ஓட்டத்தின்போது வரி மறந்தால் ப்ராம்ப்டர் வரியை எடுத்துக் கொடுக்க வேண்டாம். 'அவனிடம் என்ன கேட்க வந்தாய்?' என்று பக்கத்திலிருக்கும் பிள்ளை கேட்கட்டும். பத்துக்கு எட்டு முறை வரி வந்துவிடும். வராவிட்டால் சொந்தச் சொல்லில் கேட்டுவிட்டு மேலே போகலாம்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தப் பயிற்சி பாழாவது பெரும்பாலும் அங்கேதான். நடிப்புக்கு மதிப்பெண் போட்டால் கூச்சமுள்ள பிள்ளை அடுத்த முறை மரமாக நிற்கவே விரும்பும். காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், பிரதியிலிருந்து மூன்று வரியைக் கொடுத்து, யார், யாரிடம், எதைப் பெறச் சொன்னது என்று எழுதச் சொல்லுங்கள். பின்பு அதே நாடகத்தில் இதுவரை பார்க்காத இன்னொரு காட்சியின் பத்து வரியைக் கொடுத்து, எந்த வரியில் நின்று திரும்புவாய் என்று குறிக்கச் சொல்லுங்கள். காவலன் இரண்டாம் முறை வருவான், இம்முறை ஆன்டிகனியைப் பிடித்துக்கொண்டு, தான் தப்பித்த மகிழ்ச்சியோடு. அந்தப் பேச்சில் முன்பு போல நிற்கவும் திரும்பவும் இடமில்லை. அதைப் பிள்ளை தானாகக் கவனித்துச் சொன்னால் முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
சிறார் அரங்கப் பயிற்றுநர்கள் சிலர்